‘நாம எந்த ஊரும்மா?’

பாலர் பள்ளியிலிருந்து வந்ததும் என் மகள் பையைத் திறந்து ஒரு தாளை நீட்டினாள். உலக வரைபடம். ‘உங்கள் குடும்பம் எங்கிருந்து வந்தது?’ என்று மேலே ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. பிள்ளைகள் அந்த இடத்தில் ஒரு நட்சத்திரத்தை ஒட்ட வேண்டும். இவளுடைய நட்சத்திரம் அந்தமானுக்குக் கீழே, நடுக்கடலில் பளபளத்துக்கொண்டிருந்தது.

“கை தவறி ஒட்டிட்டியா கண்ணு?”

“இல்லம்மா. பாட்டி மலேசியா. நாம சிங்கப்பூர். டீச்சர் இந்தியான்னு சொன்னாங்க. ஆனா ஒரு ஸ்டார்தான் குடுத்தாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. “நாம எந்த ஊரும்மா?” என்றாள்.

“உட்லண்ட்ஸ்.”

“அது எம்ஆர்டி ஸ்டேஷன்மா.”

ஐந்தரை வயதுக்காரியிடம் அதற்குமேல் வாதாட முடியவில்லை. தமிழர் கூடும் எந்தக் கல்யாணத்திலும் பெயருக்கு அடுத்து வரும் கேள்வி இது. என் தாத்தாவைக் கேட்டால் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தைச் சொல்வார். என் அப்பாவைக் கேட்டால் சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தைச் சொல்வார். அந்தத் தோட்டம் முதலில் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியது, பிறகு ‘தாமான்’ ஆனது. இப்போது அந்தப் பெயரில் அங்கே எதுவும் இல்லை. வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகிவிட்ட என்னைக் கேட்டால், கேட்பவர் யார் என்று பார்த்துத்தான் பதில் சொல்வேன்.

அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தோம். அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. வகுப்பில் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது, “நான் தோசை பசியாறினேன்” என்று இவள் சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டில் காலை உணவுக்குப் ‘பசியாறுதல்’ என்றுதான் பெயர். பேராக்கில் இன்னமும் அப்படித்தான் சொல்கிறார்கள். வகுப்பில் ஒரு பிள்ளை சிரித்தது. “அது தமிழே இல்லை” என்று இன்னொன்று சொன்னது. யாரையும் குறை சொல்ல முடியாது, எல்லாமே ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகள். ஆனால் அன்றிலிருந்து என் மகளிடம் தமிழ் நின்றுவிட்டது. என்னிடம் ஆங்கிலத்தில் பேசினாள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தினமும் இரவு எட்டு மணிக்கு அழைக்கும் என் அம்மாவிடமும் ‘யெஸ் பாட்டி’, ‘நோ பாட்டி’ என்று இரண்டே சொற்களில் முடித்துக்கொண்டாள். என் அம்மா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

மூன்று வாரம் கழித்து அம்மா கேட்டார்: “பாப்பாவுக்கு என் மேல ஏதும் கோபமா?” ஜூன் விடுமுறைக்கு வருவதாக இருந்தவர், “இந்தத் தடவ வேணாம்மா, அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றும் சொன்னார். அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அடுத்த வருஷம் என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாரக்கடைசியில்தான் நூலகத்தில் படப் புத்தகங்கள் இருக்கும் தாழ்வான அலமாரிகளின் முன் தரையில் உட்கார்ந்தேன். பிள்ளைகளுக்கு ஒன்றைப் புரியவைக்கத் தெரியாதபோது நம்மில் பலரும் செய்வது இதுதான்.

வாத்தும் பறவைக் குஞ்சும்

தன் இடம் எது என்று தேடும் கதைகள் குழந்தைகளுக்கான படப் புத்தகங்களில் ஏராளம். ஒரு மணி நேரம் தேடினால் ஒரு பை நிறைந்துவிடும். அவற்றை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு வாயால் தமிழில் சொல்வது என்று முடிவு செய்தேன். மகள் கேட்பாளா என்று தெரியாது. கேட்காவிட்டாலும் படத்தையாவது பார்ப்பாள்.

முதல் சிக்கல் ‘பிலாங்’ என்ற சொல்லிலேயே வந்தது. எந்தப் புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பினாலும் அந்தச் சொல் இருக்கிறது. தமிழில் அதற்கு ஒற்றைச் சொல் கிடைக்கவில்லை. ‘சேர்ந்தவள்’ என்றால் அடையாள அட்டை விவரம் மாதிரி இருக்கிறது. ‘உரியவள்’ என்றால் பாத்திரம் பண்டத்துக்குச் சொல்வதுபோல் இருக்கிறது. கடைசியில் ‘சொந்தம்’ என்றேன். அதில் உறவும் இருக்கிறது, உடைமையும் இருக்கிறது. ‘நம்ம ஆளு’ என்று சொன்னபோது மட்டும் மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

முதலில் படித்தது, எல்லோரும் படிப்பதைத்தான். ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1843ஆம் ஆண்டில் எழுதிய அசிங்கமான வாத்துக் குஞ்சின் கதை. சிறுமியாக இருந்தபோது எனக்கு மிகவும் பிடித்த கதை அது. இப்போது வாய்விட்டுச் சொல்லும்போதுதான் உறுத்தியது. அந்தக் குஞ்சைக் கொத்தி விரட்டியவர்கள் யாரும் கடைசிவரை எதையும் உணர்வதில்லை. குஞ்சு அன்னமாக வளர்கிறது, அன்னங்களோடு போய்ச் சேர்கிறது, அழகாக இருப்பதால் எல்லோரும் புகழ்கிறார்கள். உன் இனத்தாரைக் கண்டுபிடிக்கும்வரை பொறுத்திரு என்பதுதானே அதில் இருக்கும் யோசனை? நானும் என் மகள் என்றாவது ஒருநாள் தன்னைத் தமிழ் அன்னமாகக் கண்டுகொள்வாள் என்று காத்திருப்பவள்தானே என்ற எண்ணமும் கூடவே வந்தது. மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், ஆங்கிலத்தில்: அது அன்னமாக மாறாமல் பெரிய வாத்தாகவே வளர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? என்னிடம் பதில் இல்லை.

அடுத்தது பி. டி. ஈஸ்ட்மன் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆர் யூ மை மதர்?’ அம்மா இரை தேடப் போன நேரத்தில் முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, கூட்டிலிருந்து விழுந்து அம்மாவைத் தேடி நடக்கிறது. பூனைக்குட்டி, கோழி, நாய், மாடு என்று எல்லோரிடமும் நீதான் என் அம்மாவா என்று கேட்கிறது. கடைசியில் மண் அள்ளும் ராட்சத இயந்திரத்திடமும் கேட்கிறது. என் மகளுக்கு அந்த இயந்திரம் ரொம்பப் பிடித்துவிட்டது. எங்கள் புளோக்குக்கு எதிரே கட்டுமான வேலை நடப்பதால் அப்படி ஒன்றைத் தினமும் பார்க்கிறாள். இயந்திரம்தான் குஞ்சைத் தூக்கிக் கூட்டில் வைக்கிறது, அம்மாவும் வந்துவிடுகிறாள். நல்ல கதை, மூன்று வயதுக்கு. அம்மா யார் என்பதில் என் மகளுக்குச் சந்தேகம் எப்போதும் இருந்ததில்லை.

எல்மரும் ஜூலை 21ம்

டேவிட் மெக்கீயின் ‘எல்மர்’ புத்தகத்தை நம் பிள்ளைகளில் பலர் பார்த்திருப்பார்கள். ஒட்டுத் துணிகளைத் தைத்ததுபோல் பல நிறச் சதுரங்கள் கொண்ட யானை. 1968ஆம் ஆண்டில் முதலில் வந்து, 1989ஆம் ஆண்டில் மறுபடி வெளியாகிப் புகழ்பெற்றது. மற்ற யானைகளைப் போல் இருக்க ஆசைப்பட்டு எல்மர் சாம்பல் நிறப் பழங்களில் புரண்டு தன் நிறத்தை மறைத்துக்கொள்கிறது. கூட்டத்துக்குத் திரும்பினால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எல்லா யானைகளும் அசையாமல், சிரிக்காமல் நிற்கின்றன. எல்மருக்குச் சிரிப்பு தாங்கவில்லை, கத்திவிடுகிறது. மழை வந்து சாயமும் போய்விடுகிறது.

இந்தக் கதைக்குப் பின்னால் இருக்கும் சம்பவம் நமக்கு அவ்வளவு தூரமானதல்ல. மெக்கீயின் மனைவி ஆங்கிலோ இந்தியர். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் மனைவி, மகளோடு நடந்துபோகும்போது ஒரு சிறுவன் தன் மகளை நிறத்தைச் சொல்லி இழிவாகக் கூப்பிட்டதைப் பற்றி அவர் பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

கதையின் முடிவில் யானைகள் எல்லாம் ஆண்டுக்கு ஒருநாள் உடம்பில் வண்ணம் பூசிக்கொண்டு ஊர்வலம் போகின்றன. எல்மர் அன்று மட்டும் சாம்பல் நிறத்தில் வருகிறது. இதைப் படிக்கும்போது சிங்கப்பூர்ப் பெற்றோருக்கு ஜூலை 21 நினைவுக்கு வராமல் இருக்காது. 1964ஆம் ஆண்டுக் கலவரங்களை மறவாதிருக்கப் பள்ளிகளில் கடைப்பிடிக்கும் இன நல்லிணக்க நாள். சேலை கட்டிய சீனப் பிள்ளைகளும் பாஜு கூரோங் போட்ட தமிழ்ப் பிள்ளைகளுமாக அன்று பள்ளிகள் பார்க்க அழகாக இருக்கும். எனக்கு அந்த நாள் பிடிக்கும், குறை சொல்ல மனம் வராது. ஆனால் தோசையைப் ‘பசியாறியதற்கு’ யாராவது சிரிப்பது மற்ற 364 நாள்களில் ஒன்றில்தான் நடக்கிறது. எல்மரை அந்தக் கூட்டம் நேசித்தது ஊர்வலத்துக்காக அல்ல. எல்மர் இல்லாத காலையில் அங்கே சிரிப்பு இல்லை என்பதால்தான்.

மகள் எல்மரை நான்கு இரவுகள் தொடர்ந்து கேட்டாள். பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான்.

வௌவால் பக்கங்களின் உச்சியில்

‘ஸ்டெல்லாலூனா’ என்ற புத்தகத்தை நான் எதிர்பார்ப்பில்லாமல்தான் எடுத்தேன். ஜானல் கேனன் எழுதி வரைந்து 1993ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆந்தை தாக்கியதில் தாயின் பிடியிலிருந்து நழுவி விழும் பழந்தின்னி வௌவால் குட்டி, பறவைக் கூட்டில் வளர்கிறது. பூச்சி தின்னப் பழகுகிறது, பகலில் விழித்திருக்கப் பழகுகிறது. தலைகீழாகத் தொங்கக் கூடாது என்று பறவைத் தாயிடம் ஏச்சு வாங்குகிறது. பின்னால் ஒருநாள் வௌவால்கள் இதைக் கண்டு, ஏன் இப்படித் தலைமாறித் தொங்குகிறாய் என்று வியக்கின்றன. இரண்டு வீட்டிலும் அதற்குத் தலைகீழ்தான்.

பிறகு தாய் கிடைக்கிறாள், மாம்பழம் கிடைக்கிறது. ஆனால் ஸ்டெல்லாலூனா தன்னோடு வளர்ந்த பறவைக் குஞ்சுகளை விட்டுவிடுவதில்லை. அவற்றை இரவில் பறக்கக் கூட்டிப்போய், இருட்டில் கண் தெரியாமல் தவிக்கும்போது காப்பாற்றுகிறது. எத்தனை வேறுபாடு, எத்தனை ஒற்றுமை என்று எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து யோசிக்கின்றன, விடை கண்டுபிடிப்பதில்லை. வாத்துக் குஞ்சின் கதையிலிருந்து இது விலகும் இடம் இதுதான். ஜெசி சீமா 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நாட் குவைட் நார்வால்’ என்ற புத்தகமும் இதே பாதையில் போகிறது. கடலில் கொம்புத் திமிங்கிலங்களோடு வளரும் ஒற்றைக்கொம்புக் குதிரைக்குட்டி, கரையில் தன்னைப் போன்றவர்களைக் கண்டுபிடித்த பிறகும் கடல் வீட்டை நினைத்து ஏங்குகிறது. இது இன்னும் செல்லமான, வண்ணமயமான புத்தகம், சின்னப் பிள்ளைகளுக்கு உடனே பிடிக்கும். எனக்கு வௌவால்தான்.

எங்களுக்கு வௌவால் புதிதல்ல. நடைபாதைக் கூரையில் தொங்கிவிட்டுத் தரையை அசிங்கப்படுத்திவிட்டுப் போகும் பழந்தின்னிகளை அண்டைவீட்டார் துடைப்பத்தால் விரட்டுவதை மகள் பார்த்திருக்கிறாள். ஜோகூரில் குளுவாங் என்ற ஊரின் பெயரே பெரிய பழந்தின்னி வௌவாலுக்கான மலாய்ச் சொல்லிலிருந்து வந்ததுதான். சுங்கை சிப்புட்டுக்குக் காரில் போகும்போதெல்லாம் அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டித்தான் போகிறோம். அதைச் சொன்னதும் அவள் கண் விரிந்தது. ஒரு ஊருக்கே வௌவால் என்று பெயரா!

இரண்டாம் முறை படிக்கும்போது அவள் விரலை வைத்து ஒன்றைக் காட்டினாள். எழுத்துகள் இருக்கும் பக்கங்களின் உச்சியில் கறுப்பு மையில் குட்டிக் குட்டிக் கோட்டோவியங்கள். வெறும் அலங்காரம் என்று நான் விட்டுவிட்டிருந்தேன். உற்றுப் பார்த்தால் அது தாய் வௌவாலின் கதை. ஆந்தையிடமிருந்து தப்பிய தாய், குட்டியைத் தேடி அலைவது பக்கம் பக்கமாக அங்கே நடந்துகொண்டிருக்கிறது. கதை வாசகத்தில் அதைப் பற்றிப் பேச்சில்லை. கூட்டில் குட்டி பூச்சி தின்னப் பழகும் அதே நேரத்தில் மேலே ஒருத்தி தேடிக்கொண்டிருக்கிறாள்.

அன்றிரவு எட்டு மணிக்கு அம்மா அழைத்தார். வழக்கம்போல் ‘யெஸ் பாட்டி’, ‘நோ பாட்டி’. நான் போனை வாங்கி, “நீங்க ஜூன்ல கண்டிப்பா வர்றீங்க, நானே டிக்கெட் போட்டுட்டேன்” என்றேன். அப்போது போட்டிருக்கவில்லை. வைத்த பிறகுதான் போட்டேன்.

எங்க லயத்துப் பொண்ணு

அம்மா வந்த முதல் மூன்று நாள் வீட்டில் ஒரு சங்கடமான மரியாதை நிலவியது. மகள் பாட்டியைப் பார்த்துச் சிரிப்பாள், முறுக்கை வாங்கிக்கொள்வாள், அறைக்குள் போய்விடுவாள். அம்மா வேண்டுமென்றே சமையலறையில் அதிக நேரம் இருந்தார்.

நான்காம் இரவு நான் எடுத்தது ‘எ மதர் ஃபார் சோக்கோ’. ஜப்பானில் பிறந்த கேக்கோ காஸாவின் படைப்பு. ஆங்கிலத்தில் 1992ஆம் ஆண்டில் வந்தது. சோக்கோ என்ற மஞ்சள் பறவைக் குஞ்சுக்கு அம்மா இல்லை. தன்னைப் போல் மஞ்சளாக இருப்பதால் ஒட்டகச்சிவிங்கியிடம் கேட்கிறது, எனக்கு இறக்கை இல்லையே என்கிறது அது. இறக்கை இருக்கும் பெங்குவினுக்குச் சோக்கோவின் உப்பிய கன்னங்கள் இல்லை. கன்னம் உப்பிய கடற்குதிரை யானைக்கு, வால்ரஸ் என்பார்களே, அதற்குக் கோடு போட்ட கால் இல்லை. ஆப்பிள் பறித்துக்கொண்டிருக்கும் கரடியம்மாவோடு எந்த ஒற்றுமையும் இல்லாததால் சோக்கோ கேட்காமலே அழுகிறது. கரடியோ, உனக்கு அம்மா இருந்தால் என்ன செய்வாள் என்று விசாரித்து, அவை எல்லாவற்றையும் தானே செய்கிறது. அணைக்கிறது, முத்தம் கொடுக்கிறது, பாடி ஆடுகிறது, வீட்டுக்குக் கூட்டிப்போகிறது. கதவைத் திறந்தால் ஏற்கெனவே அங்கே நீர்யானை, முதலை, பன்றி என்று மூன்று பிள்ளைகள்.

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “அட, இது நம்ம லயத்து அக்கா கதையில்ல!” என்றார்.

மலேசியாவில் வளர்ந்த வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வறுமையாலும், பெண் பிள்ளை என்பதாலும், பிறந்த நேரம் சரியில்லை என்ற நம்பிக்கையாலும் சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுத்த காலம் ஒன்று உண்டு. ஜப்பானியர் ஆட்சியிலும் அதற்குப் பிறகும் தோட்டங்களில் அப்படி வளர்ந்தவர்கள் பலர். அம்மாவின் லயத்தில் நான்கு வீடு தள்ளி ஒருவர் இருந்தார். விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, மாலையில் தலை நிறையப் பூ வைத்துக்கொள்வார். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பார். டவுனுக்குப் போனால் கடைக்காரர் அவரிடம் சீனத்தில் பேசுவார். இவர் திருதிருவென விழித்து, தமிழில் திட்டிவிட்டு வருவார். அம்மா அதை நடித்துக் காட்டினார்.

மகள் தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். அவர் சைனீஸா, இந்தியனா என்று ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டாள். நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

அம்மா யோசிக்கவே இல்லை. “அவங்க எங்க லயத்துப் பொண்ணு.”

சிறிது நேரம் அமைதி. பிறகு மகள் பாட்டியை நேராகப் பார்த்துக் கேட்டாள்: “லயம்னா என்ன?”

ஏழு வாரத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் தமிழ்க் கேள்வி. நான் ஒன்றும் நடக்காததுபோல் விளக்கைச் சரிசெய்தேன்.

எழுத்தில்லாத புத்தகம்

அடுத்த நாள் நூலகத்துக்கு மூவருமாகப் போனோம். ஷான் டானின் ‘தி அரைவல்’ புத்தகத்தை நான் எனக்காகத்தான் எடுத்தேன். டான் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அவருடைய தந்தை 1960ஆம் ஆண்டில் மலேசியாவிலிருந்து பெர்த்துக்குப் படிக்கப் போனவர். 2006ஆம் ஆண்டில் வெளிவந்த இந்தப் புத்தகத்தில் ஒரு சொல்கூட இல்லை. பழைய புகைப்பட ஆல்பம்போல் பழுப்பேறிய பென்சில் ஓவியங்கள் மட்டும். படங்களுக்குள் தெரியும் கடைப் பலகைகளின் எழுத்தும் அவரே கற்பனையில் உருவாக்கியது, யாராலும் படிக்க முடியாது. ஆறு வயதுக்குப் பெரிய புத்தகம்தான். ஊருக்குமேல் நெளியும் ராட்சத வால்களின் நிழல் சில பிள்ளைகளைப் பயமுறுத்தும்.

அம்மா புரட்டிப் பார்த்தார். “எழுத்தே இல்லையா? அப்ப எனக்கும் படிக்கத் தெரியும்.”

அன்றிரவிலிருந்து கதை சொல்லும் வேலை என் கையை விட்டுப் போய்விட்டது. ஒருவன் பெட்டி கட்டுகிறான், குடும்பப் படத்தைத் துணியோடு வைத்துக்கொள்கிறான், மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு ரயிலேறுகிறான், கப்பலேறுகிறான். அம்மாவுக்கு அது ‘ரஜுலா’ கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று எங்கள் முன்னோரில் பாதிப் பேரை ஏற்றி இறக்கிய கப்பல். டானின் ஓவியத்தில் மேல்தளத்தில் முடங்கிக் கிடக்கும் மனிதர்களைக் காட்டி, “இதுல உன் கொள்ளுத் தாத்தா எங்க இருக்காரு, கண்டுபிடி” என்றார். மகள் ஐந்து நிமிடம் தேடி ஒரு மீசைக்காரரைத் தேர்ந்தெடுத்தாள். அதிகாரிகள் கண்ணையும் வாயையும் சோதித்து மேலங்கியில் சீட்டுக் குத்தும் பக்கம், அம்மாவின் வாயில் பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவு ஆனது. கரையிறங்குமுன் தொற்று இருக்கிறதா என்று தளப் பயணிகளை நிறுத்தி வைத்த தீவு. அம்மா இதையெல்லாம் என்னிடம் சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை.

மூன்றாம் இரவு அம்மா புத்தகத்தைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டினார். “இப்படிப் பாத்தா இது எங்க பெரியப்பா கதை.” பின்னாலிருந்து பார்த்தால் குடும்பத்தோடு இருக்கும் மனிதன் தனியாகிறான், கப்பலேறுகிறான், பழைய ஊரில் இறங்குகிறான். பெரியப்பாவிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. 1969ஆம் ஆண்டில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது தோட்டத்தில் அவருக்கு வேலை போனது. அவரைப் போன்ற ஆயிரக்கணக்கானோர் அதே ரஜுலாவில் திரும்பினார்கள். முப்பது வருஷம் பால் வெட்டியவர்.

“அப்ப அவரு எந்த ஊரு பாட்டி?” மகள் கேட்டாள். அவளுடைய கேள்விதான், சுற்றிக்கொண்டு வந்துவிட்டது.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இங்க இருந்தவரைக்கும் ஊர்க்காரருன்னாங்க. அங்க போனதும் மலாயாக்காரருன்னாங்க. கடுதாசில எப்பவும் எங்க லயத்து மாமரம் காய்ச்சிருச்சான்னுதான் கேப்பாரு.”

மகள் அதற்குமேல் கேட்கவில்லை. கதாநாயகனின் புது வீட்டில் ஒட்டிக்கொள்ளும் வெள்ளைப் பிராணியைக் காட்டி, பெரிய தாத்தாவிடம் நாய் இருந்ததா என்றாள். இருந்ததாம். அதை விட்டுவிட்டுத்தான் போனாராம். அதைப் பற்றித்தான் அவர்கள் தூங்கும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

நண்பர்களிடம் இதைச் சொன்னபோது என்ன புத்தகம் வாங்கலாம் என்று கேட்டார்கள். பெரிய பட்டியல் என்னிடம் இல்லை. சென்னையின் துலிகா பதிப்பகம் தமிழிலும், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் பதிப்புகளாகவும் நல்ல படப் புத்தகங்கள் போடுகிறது. பிரதம் புக்ஸின் ‘ஸ்டோரிவீவர்’ இணையத்தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், அச்சிட்டும் வைத்துக்கொள்ளலாம். அவற்றில் வரும் தெரு பெரும்பாலும் அங்குள்ள தெரு. கூரைக்கடியில் வௌவால் தொங்கும் வீவக நடைபாதையும் தாமானாகிப்போன தோட்டமும் உள்ள தமிழ்ப் படப் புத்தகங்கள் என் கண்ணில் பட்டவை குறைவு. இங்கிருக்கும் எழுத்தாளர்களும் ஓவியர்களும் கூடுதலாகச் செய்தால் முதல் ஆளாக வாங்குவேன். அதுவரை ஆங்கிலப் புத்தகத்தைத் தமிழில் சொல்லலாம். சொல்லத் தடுமாறினால் பரவாயில்லை, பிள்ளைகள் அந்தத் தடுமாற்றத்தை ரசிக்கிறார்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் சொற்களே இல்லாத புத்தகத்தை அவர்கள் மடியில் வைத்துவிட்டு நாம் பாத்திரம் கழுவப் போய்விடலாம். அப்படிப் போனதால்தான் பாதிக் கதைகள் எனக்கே சமையலறைச் சுவர் வழியாகக் கேட்டன.

இரண்டு வாரம் முடிந்து அம்மா ஊருக்குப் போனார். ‘தி அரைவல்’ ஆறு பகுதிகள் கொண்டது. நான்காவதின் நடுவில் நின்றிருந்தது. இரவல் காலமான 21 நாள் முடிவதற்கு முந்தின நாள், திருப்பிக் கொடுக்கும் பையில் அதையும் வைத்தேன். மகள் வெளியே எடுத்துவிட்டாள்.

“பாட்டி இன்னும் முடிக்கல.”

இரவல் காலத்தை நீட்டித்தேன். எட்டு மணிக்கு அழைப்பு வந்தது. அவளே ஓடிப்போய் எடுத்து, புத்தகத்தைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள்.

“பாட்டி, பசியாறிட்டீங்களா?”

“ராத்திரி எட்டு மணிக்கா?” அந்தப் பக்கம் அம்மா சிரிப்பது கேட்டது. “இரு பாப்பா, கண்ணாடிய எடுத்துக்கிட்டு வர்றேன். அந்த வெள்ளக் குட்டி இருக்கற பக்கத்தப் புடிச்சுக்க.”